காலாண்டு நிகர லாபத்தைத் தொடர்ந்து கவனிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நிறுவனத்தின் நிகர லாபத்தைக் காலாண்டு காலாண்டாகக் குறித்து வைக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்களை மட்டும் வரிசையாக எழுதி வைப்பதால் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது ஏன் அப்படி வந்தது என்று ஒரு வரி இருக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்பதைப் பற்றியவைதான்.

நிகர லாபம் என்று எந்த எண்ணை எடுத்துக்கொள்வது?

லாப நஷ்டக் கணக்கில் விற்பனை வருமானத்தில் தொடங்கி, பொருள் செலவு, சம்பளம், தேய்மானம், வட்டி, வரி எல்லாவற்றையும் கழித்த பிறகு கடைசியில் மிஞ்சுவது நிகர லாபம். ஆனால் அந்தக் கடைசிப் பகுதியிலேயே இரண்டு எண்கள் இருக்கலாம். ஒன்று, துணை நிறுவனங்களையும் சேர்த்த மொத்த லாபம். இன்னொன்று, துணை நிறுவனங்களில் வெளியாருக்கு உள்ள பங்கைக் கழித்துவிட்டு, தாய் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு மட்டும் உரிய லாபம்.

நீங்கள் பங்குதாரராக இருந்து பார்த்தால் இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது. எதை எடுத்தாலும் சரி, எல்லாக் காலாண்டுக்கும் அதையே எடுங்கள். பாதி அட்டவணையில் ஒன்று, மீதியில் இன்னொன்று என்று கலந்துவிட்டால் நடக்காத வளர்ச்சி நடந்ததாகத் தெரியும். துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு, தாய் நிறுவனத்துக்கு மட்டுமான தனித்த கணக்கு என்று இரண்டு வெளியிடும் நாடுகளிலும் இதே கவனம் வேண்டும். பெரும்பாலும் ஒருங்கிணைந்த கணக்கே பொருத்தமானது.

எண்ணை எங்கிருந்து எடுப்பது நல்லது?

நிறுவனம் ஒழுங்குமுறை அமைப்பிடம் தாக்கல் செய்த அறிக்கையிலிருந்து. அமெரிக்க நிறுவனம் என்றால், அங்கே பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஸ்இசியின் எட்கர் தளத்தில் 10-க்யூ என்ற காலாண்டு அறிக்கையும் 10-கே என்ற ஆண்டறிக்கையும் இலவசமாகவே கிடைக்கும். 2009 முதல் படிப்படியாக, எக்ஸ்பிஆர்எல் என்ற முறையில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அடையாளக் குறி போட்டுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதி வந்தது. அதனால் பத்து வருட எண்களைக்கூட ஒரே நேரத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

இறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன இரண்டு விதமான லாபத்துக்கும் அங்கே வெவ்வேறு குறிகள். "நெட் இன்கம் லாஸ்" என்ற குறி தாய் நிறுவனத்துக்கு உரியது. "ப்ராஃபிட் லாஸ்" என்பது வெளியாரின் பங்கையும் சேர்த்தது. ஒரே நிறுவனம் ஒரு வருடம் ஒன்றையும் அடுத்த வருடம் மற்றொன்றையும் மட்டும் போட்டிருப்பதும் உண்டு.

செய்தி அறிக்கையின் முதல் பத்தியிலிருந்து எண்ணை எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. நிறுவனம் எதைக் காட்ட விரும்புகிறதோ அதுதான் அங்கே முதலில் இருக்கும். அது நிகர லாபமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நான்காம் காலாண்டு எண் மட்டும் கிடைக்கவில்லையே?

இது கிட்டத்தட்ட எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். அமெரிக்க முறையில் வருடத்துக்கு மூன்று 10-க்யூதான். நான்காம் காலாண்டுக்குப் பதிலாக முழு ஆண்டுக்கான 10-கே வரும். முன்பெல்லாம் அதற்குள் நான்கு காலாண்டு எண்களையும் ஒரு சிறிய அட்டவணையாகத் தர வேண்டும் என்ற விதி இருந்தது. 2021 முதல் அது பெரும்பாலும் தேவையில்லை என்றாகிவிட்டது.

ஆகவே ஆண்டு மொத்தத்திலிருந்து முதல் ஒன்பது மாத மொத்தத்தைக் கழித்தால் வருவதுதான் நான்காம் காலாண்டு. பல நிறுவனங்கள் முடிவை அறிவிக்கும் செய்தி அறிக்கையின் பின்பக்க அட்டவணையில் அந்த எண்ணைத் தனியாகவும் கொடுத்திருக்கும். கழித்து வந்ததோடு அதை ஒத்துப் பாருங்கள்.

கழித்து வரும் எண் என்பதால் அதற்கு ஒரு தனிக் குணமும் உண்டு. ஆண்டு இறுதித் தணிக்கையில் கண்டுபிடிக்கப்படும் திருத்தங்கள், சொத்து மதிப்புக் குறைப்புகள், வாராக்கடன் ஒதுக்கீடுகள் பலவும் இந்தக் காலாண்டின் தலையில்தான் வந்து விழும். முதல் மூன்று காலாண்டும் ஒரே சீராக இருந்து நான்காவது மட்டும் வருடா வருடம் துள்ளினால், தொழில் மாறியிருக்கிறது என்று முடிவு கட்டும் முன் ஆண்டறிக்கையின் குறிப்புகளைப் படியுங்கள்.

முந்தைய காலாண்டோடு ஒப்பிடுவதா, போன வருடத்தின் அதே காலாண்டோடா?

போன வருடத்தின் அதே காலாண்டோடு. பண்டிகைக் காலத்தில் அதிகம் விற்கும் நிறுவனத்தின் லாபம் அடுத்த காலாண்டில் இறங்கத்தான் செய்யும். அதை வீழ்ச்சி என்று சொல்வது தவறு.

இதைவிட எனக்குப் பிடித்தது, கடைசி நான்கு காலாண்டுகளின் கூட்டுத்தொகை. புதிய காலாண்டு வரும்போது அதைச் சேர்த்து, ஐந்தாவதாகப் பின்னால் போய்விட்ட பழைய காலாண்டை விட்டுவிட வேண்டும். எப்போது பார்த்தாலும் அதில் ஒரு முழு வருடம் அடங்கியிருக்கும், பருவ ஏற்ற இறக்கம் தானாக அடங்கிவிடும்.

அப்புறம், எல்லாக் காலாண்டும் ஒரே நீளம் என்று நினைத்துவிடக் கூடாது. வாரக் கணக்கில் நிதியாண்டை அமைக்கும் நிறுவனங்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு வாரத்தைக் கூடுதலாகச் சேர்க்கும். 2022 டிசம்பரில் முடிந்த ஆப்பிள் காலாண்டு 14 வாரம் கொண்டது. லாபம் சுமார் 3,000 கோடி டாலர். அடுத்த வருடம் அதே காலாண்டு 13 வாரம்தான், லாபம் சுமார் 3,390 கோடி டாலர். நேராகப் பார்த்தால் 13 சதவீத வளர்ச்சி. வாரத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய 22 சதவீதம். அட்டவணையில் "14 வாரம்" என்ற குறிப்பு இல்லாவிட்டால் இந்த வித்தியாசம் உங்கள் கண்ணில் படவே படாது.

ஒரே காலாண்டில் லாபம் தலைகீழாகப் போய்விட்டால் என்ன அர்த்தம்?

பல நேரங்களில் தொழிலில் ஒன்றுமே ஆகியிருக்காது. நிகர லாபம் கணக்கின் கடைசி வரி என்பதால், மேலே நடந்த எல்லாமும் வந்து சேரும் இடம் அது. அன்றாட வியாபாரத்தோடு தொடர்பே இல்லாதவையும் அதில் கலந்திருக்கும். நடந்த சில உதாரணங்களைப் பார்த்தால் வகைகள் பிடிபடும்.

முதலில் வரி. 2017 டிசம்பரில் அமெரிக்கா நிறுவன வரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைத்தது. நிறுவனங்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அந்தக் காலாண்டில் சிட்டிகுரூப் காட்டியது சுமார் 1,830 கோடி டாலர் நஷ்டம். பழைய நஷ்டங்களைக் காட்டி வருங்காலத்தில் வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அந்த வங்கி பெரிய தொகையைச் சொத்தாக எழுதி வைத்திருந்தது. வரி விகிதமே இறங்கியதும் அந்தச் சொத்தின் மதிப்பும் இறங்கிவிட்டது. வரிச் சட்டத்தால் வந்த செலவு மட்டும் சுமார் 2,200 கோடி டாலர். அதை விலக்கிப் பார்த்தால் அது லாபக் காலாண்டு.

வரி விஷயத்திலேயே இன்னொன்று: 2024 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் ஆப்பிளின் நிகர லாபம் சுமார் 1,470 கோடி டாலர். முந்தைய வருடம் அதே காலாண்டில் அது சுமார் 2,300 கோடி. ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பால் ஒரே அடியில் ஏற்க வேண்டி வந்த சுமார் 1,020 கோடி டாலர் வரிதான் காரணம். விற்பனை அந்தக் காலாண்டில் உயர்ந்துதான் இருந்தது.

அடுத்தது, கையில் வைத்திருக்கும் பங்குகளின் விலை. 2018 முதல் அமெரிக்கக் கணக்கு முறையில், ஒரு நிறுவனம் தன்னிடம் உள்ள பிற நிறுவனப் பங்குகளை விற்காவிட்டாலும் அவற்றின் விலை ஏறி இறங்குவதை நிகர லாபத்தில் காட்டியாக வேண்டும். பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் 2020 முதல் காலாண்டு நஷ்டம் சுமார் 4,970 கோடி டாலர். கொரோனா பயத்தில் சந்தை சரிந்ததன் நிழல் அது. அதே காலாண்டில் அதன் தொழில்கள் ஈட்டிய செயல்பாட்டு லாபம் சுமார் 587 கோடி டாலர். அடுத்த காலாண்டில் நிகர லாபம் 2,630 கோடி டாலராகத் திரும்பியது. முழு வருடத்துக்கு 4,250 கோடி டாலர் லாபம். இந்த விதி வந்தபோதே, அந்த நிறுவனத்தை அப்போது நடத்திவந்த வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், இனிமேல் காலாண்டு நிகர லாபத்தை வைத்து எங்களை எடை போடாதீர்கள் என்ற பொருளில் எச்சரித்திருந்தார்.

அமேசானில் இதையே இரண்டு திசையிலும் பார்க்கலாம். 2021 கடைசிக் காலாண்டில் 1,430 கோடி டாலர் லாபம். அதில் ரிவியன் என்ற மின்வாகன நிறுவனத்தில் வைத்திருந்த பங்கின் மதிப்பு ஏறியதால் வந்தது, வரிக்கு முன் சுமார் 1,180 கோடி. அடுத்த காலாண்டில் அந்தப் பங்கு விழுந்தது. வரிக்கு முன் 760 கோடி டாலர் மதிப்பிழப்பு, நிகர நஷ்டம் 380 கோடி. லாபக் காலாண்டைப் பார்த்துப் பாராட்டியவர்களும் நஷ்டக் காலாண்டைப் பார்த்துப் பதறியவர்களும் பார்த்தது பெரும்பாலும் ரிவியனின் பங்கு விலையைத்தான்.

மூன்றாவது வகை, குட்வில் மதிப்பைக் குறைப்பது. இன்னொரு நிறுவனத்தை அதன் சொத்து மதிப்பைவிட அதிக விலை கொடுத்து வாங்கும்போது அந்த அதிகப்படித் தொகை குட்வில் என்று கணக்கில் ஏறும். பிற்பாடு அவ்வளவு பெறாது என்று தெரிந்தால் அதை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். ஊடக நிறுவனமான ஏஓஎல் டைம் வார்னர் 2002 முதல் காலாண்டில் இப்படி வெட்டியதில் காட்டிய நஷ்டம் சுமார் 5,420 கோடி டாலர். அந்த வருடம் முழுவதற்கும் 9,870 கோடி டாலர். அந்தக் காலாண்டில் அவ்வளவு பணம் கையைவிட்டுப் போகவில்லை என்பது உண்மை. ஆனால் அதை வைத்து "இது வெறும் காகித நஷ்டம்" என்று தள்ளிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். விலை முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. தவறான முடிவு எடுத்த நாளுக்கும் அதைக் கணக்கில் ஒப்புக்கொண்ட நாளுக்கும் இடைவெளி இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஒருமுறை மட்டும் வரும் வரவு செலவுகளை நீக்கிவிட்டுப் பார்க்கலாமே?

பார்க்கலாம், ஆனால் தனி நெடுவரிசையில். அறிக்கையில் வந்த எண்ணை அழித்துவிட்டு அதன் இடத்தில் திருத்திய எண்ணைப் போடாதீர்கள்.

இதில் ஒரு நியாயப் பிரச்சினை இருக்கிறது. எதை ஒருமுறைச் செலவு என்று அழைப்பது என்பதை நிறுவனமே தீர்மானிக்கிறது. ஆள் குறைப்பு, அலுவலகம் மூடல், மறுசீரமைப்பு என்று வருடா வருடம் ஏதாவது ஒன்று வந்தால் அது வழக்கமான செலவுதான். ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் ஊதியத்தைப் பல தொழில்நுட்ப நிறுவனங்கள் தங்கள் திருத்திய லாபத்தில் செலவாகச் சேர்ப்பதே இல்லை. அந்தப் பங்குகளைக் கொடுக்காவிட்டால் அந்த ஊழியர்கள் வேலைக்கு வரமாட்டார்கள். அது எப்படிச் செலவு ஆகாமல் போகும்? வரவு பக்கத்தில் வரும் ஒருமுறை லாபத்தை நீக்குவதிலும் இதே வேகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டுங்கள். அதே ஐந்து வருடத் திருத்திய லாபத்தையும் கூட்டுங்கள். உண்மையிலேயே அவை அபூர்வமாக, இரண்டு பக்கமும் வந்துபோகும் விஷயங்கள் என்றால் இரண்டு கூட்டுத்தொகையும் பக்கத்தில் இருக்கும். திருத்திய லாபம் எப்போதும் மிக அதிகமாகவே இருந்தால், நீக்கப்பட்டவை அந்தத் தொழிலின் நிரந்தரச் செலவுகள்.

நஷ்டத்திலிருந்து லாபத்துக்கு வந்தால் எத்தனை சதவீதம் வளர்ச்சி?

சதவீதம் போடாதீர்கள். 10 கோடி நஷ்டம் 5 கோடி லாபமானால் சூத்திரம் "மைனஸ் 150 சதவீதம்" என்று சொல்லும். அதற்கு எந்தப் பொருளும் இல்லை. "15 கோடி முன்னேற்றம்" என்று தொகையாக எழுதுங்கள். லாபம் முந்தைய வருடம் மிகச் சிறியதாக இருந்தாலும் இதையே செய்யுங்கள். 1 கோடி 9 கோடியானதை 800 சதவீத வளர்ச்சி என்று கொண்டாட ஒன்றுமில்லை.

மொத்த லாபமா, ஒரு பங்குக்கான லாபமா?

இரண்டும் வேண்டும். நிறுவனம் தன் பங்குகளைத் தானே வாங்கிக் குறைத்துக்கொண்டே வந்தால், மொத்த லாபம் இறங்கும்போதுகூட ஒரு பங்குக்கான லாபம் ஏறலாம். ஆப்பிளின் 2022 நிதியாண்டு லாபம் சுமார் 9,980 கோடி டாலர், 2023-ல் சுமார் 9,700 கோடி. ஒரு பங்குக்கான லாபமோ 6.11 டாலரிலிருந்து 6.13 ஆனது. பங்குதாரருக்கு இரண்டாவது எண் முக்கியம்தான், ஆனால் தொழில் வளர்ந்ததா என்ற கேள்விக்கு முதல் எண்தான் பதில்.

பங்குப் பிரிப்பு நடந்தால் பழைய எண்களை எல்லாம் அதே விகிதத்தில் வகுத்துவிட வேண்டும். 2020-ல் ஆப்பிள் ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. அதற்கு முந்தைய அறிக்கைகளில் உள்ள எண்ணை அப்படியே எழுதினால் லாபம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது போலத் தெரியும். நான்கு காலாண்டுகளின் பங்கு லாபத்தைக் கூட்டினால் ஆண்டு எண்ணோடு ஒரு சென்ட் இரண்டு சென்ட் இடிக்கலாம். ஒவ்வொரு காலாண்டிலும் சராசரிப் பங்கு எண்ணிக்கை வேறு என்பதால் வருவது அது. தேட வேண்டாம்.

லாபம் ஏறுகிறது, பணம் மட்டும் வரவில்லை. எப்படி?

சரக்கை அனுப்பி பில் போட்டதுமே விற்பனை கணக்கில் ஏறிவிடும், பணம் பிறகுதான் வரும். வராமலும் போகலாம். அதனால் நிகர லாபத்தின் பக்கத்திலேயே தொழிலிலிருந்து வந்த பணத்துக்கும் ஒரு நெடுவரிசை வையுங்கள். பணப்புழக்க அறிக்கையில் அது இருக்கும். ஆனால் 10-க்யூவில் அந்த அறிக்கை வருடத் தொடக்கத்திலிருந்து அன்றுவரையிலான மொத்தமாகவே வரும் என்பதால், இரண்டாம், மூன்றாம் காலாண்டுக்கும் கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு காலாண்டில் இரண்டும் வேறுபட்டால் கவலை வேண்டாம். நான்கு காலாண்டுக் கூட்டுத்தொகையில் லாபம் ஏறிக்கொண்டே போய், பணம் இரண்டு மூன்று வருடமாக அப்படியே நின்றால், வரவேண்டிய பாக்கியும் கையிருப்புச் சரக்கும் எவ்வளவு பெருத்திருக்கின்றன என்று பேலன்ஸ் ஷீட்டில் பாருங்கள்.

பழைய காலாண்டின் எண் இப்போது வேறாக இருக்கிறதே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டும் ஒன்றல்ல. ஒரு பிரிவை விற்றுவிட்டாலோ கணக்கு விதி மாறினாலோ, ஒப்பிட வசதியாகப் பழைய எண்களையும் புது வடிவில் தருவார்கள். அது சாதாரணம். முன்பு காட்டியது தவறு என்று ஒப்புக்கொண்டு திருத்துவது வேறு கதை. அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 நவம்பரில் 1997 முதலான தன் கணக்குகளைத் திருத்தி, முன்பு காட்டிய லாபத்தில் சுமார் 58.6 கோடி டாலரைக் குறைத்தது. அடுத்த மாதமே திவால் மனு.

பழைய எண்ணை அழிக்காமல், "முதலில் வந்தது", "இப்போது உள்ளது" என்று இரண்டையும் தேதியோடு வையுங்கள். திருத்தம் எப்போதும் கீழ்நோக்கியே இருந்தால் அந்த நிறுவனத்தின் புதிய எண்களையும் அதே சந்தேகத்தோடு படிக்கலாம்.

வெவ்வேறு நாட்டு நிறுவனங்களை ஒரே அட்டவணையில் வைக்கலாமா?

வைக்கலாம், எச்சரிக்கையோடு. காலாண்டு அறிக்கை எல்லா இடத்திலும் கட்டாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் அந்தக் கட்டாயத்தை விலக்க முடிவு செய்தது, பிரிட்டன் அதை 2014-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே பல நிறுவனங்கள் அரையாண்டு லாபத்தை மட்டுமே தரும். அதை இரண்டால் வகுத்துக் காலாண்டு என்று எழுதாதீர்கள், கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். சர்வதேசக் கணக்கு முறையில், பங்கு முதலீட்டின் விலை மாற்றத்தை நிகர லாபத்துக்கு வெளியே காட்ட நிறுவனத்துக்கு வாய்ப்பு உண்டு. அமெரிக்க முறையில் அது இல்லை. ஆகவே ஒரே மாதிரி முதலீடு வைத்திருக்கும் இரண்டு நிறுவனங்களில் ஒன்று மட்டும் துள்ளலாம். நாணயத்தை மாற்றாமல் அந்தந்த நாட்டுப் பணத்திலேயே வளர்ச்சியைக் கணக்கிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எத்தனை வருடம் பின்னோக்கிப் போக வேண்டும்?

தொழில் ஒரு முழுச் சுற்று சுற்றிவரும் அளவுக்கு. எஃகு, எண்ணெய், நினைவகச் சிப் போன்ற தொழில்களில் நல்ல காலம், கெட்ட காலம் இரண்டும் அட்டவணையில் இருக்க வேண்டும். பத்து வருடம் என்றால் நாற்பது வரி. கையால் எழுதக்கூடிய அளவுதான். முதல் முறை கையாலேயே எழுதிப் பாருங்கள் என்பேன். குறிப்பு எழுத ஒவ்வொரு அறிக்கையையும் திறந்து படிக்க வேண்டியிருக்கும், நிறுவனம் பிடிபடுவது அந்தப் படிப்பில்தான்.

முடிவு அறிவித்த அன்றே பதிந்துவிடலாமா?

பென்சிலில் பதியலாம். செய்தி அறிக்கை முதலில் வரும், 10-க்யூ அதற்குப் பின்னர் வரலாம். பெரிய நிறுவனங்களுக்குக் காலாண்டு முடிந்து 40 நாள் அவகாசம் உண்டு. நடுவில் எண் மாறுவதும் நடக்கும். 2014 மூன்றாம் காலாண்டுக்கு சிட்டிகுரூப் முதலில் அறிவித்த லாபம் சுமார் 340 கோடி டாலர். அக்டோபர் முடிவதற்குள், வழக்குச் செலவுக்கு இன்னும் 60 கோடி ஒதுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி அதை 280 கோடியாகக் குறைத்தது. அறிவித்த நாளில் பதிந்துவிட்டு அதோடு விட்டவர்களின் அட்டவணையில் 340 அப்படியே இருந்திருக்கும். தாக்கல் செய்த அறிக்கை வந்ததும் ஒருமுறை ஒத்துப் பார்த்து, அதன் தேதியையும் அந்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.